எழுந்து போனவர்களின் கேரம்

எத்திராஜின் விளையாட்டுப் பெட்டி ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் இரும ஆரம்பித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற விசிறி கொர் கொர்ரென்று இழுத்து இழுத்து, கடைசியில் பின்பக்கத் துளை வழியாக வெள்ளையாக எதையோ கக்கும். அது சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வியாசர்பாடியில் மனிதர்கள் அப்படி இருமினால் கஷாயம் வைத்துக் கொடுப்போம். பெட்டிக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் எத்திராஜ் எனக்குப் போன் செய்தான்.

“கஜா, உடனே வா. பெட்டிக்கு மூச்சு வாங்குது.”

“நேத்து பூஜை போட்டியா?”

“போட்டேன்.”

“அதுக்கு எங்க போட்ட?”

“எல்லாத்துக்கும் போட்டா மாரிதான்.”

போய்ப் பார்த்தேன். மிக்சி, இன்வெர்ட்டர், ஸ்கூட்டர், பிரஷர் பார்க்கிற மிஷின் என்று வீட்டில் இருந்த சகல ஆயுதங்களுக்கும் மூன்று விரலால் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். பெட்டிக்கும் அதே மரியாதை. சூடு வெளியே போவதற்காகப் பெட்டியின் முகப்பில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். அந்த இடம் பார்ப்பதற்கு நெற்றி மாதிரி இருக்கும். எத்திராஜ் அங்கேதான் பட்டை இழுத்திருந்தான். ராத்திரி காய்ந்து சிமெண்டாகிவிட்டது. ரயில்வே பணிமனையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் காலம் தள்ளியவர்கள். அங்கே நாங்கள் சந்தனம் பூசிய எந்த மிஷினும் இந்த மாதிரி கோபித்துக்கொண்டது கிடையாது.

இந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேஜையில் வைத்தால் மேஜை மேல் வெளிச்சத்தால் ஒரு கேரம் பலகை விரியும். விரலில் ஓர் உறை மாட்டிக்கொண்டு சுண்டினால் வெளிச்ச ஸ்ட்ரைக்கர் ஓடும், நிஜமாகவே நகம் வலிக்கும். எதிராளி பூமியில் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அவன் காயும் அவன் குரலும் இங்கே வரும். இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் பதிலாள்தான்.

நம் ஊரில் ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அம்மாக்கள் சாப்பிடக் கூப்பிடுவார்கள். பிள்ளை எழுந்து ஓடிவிட்டால் எதிராளி பாவம், காத்துக் கிடக்க வேண்டும். அதற்காகச் செய்த வசதி அது. நாம் ஆடுகிற விதம், பேசுகிற விதம், சலித்துக்கொள்கிற விதம் எல்லாவற்றையும் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் எழுந்தால் நம் பதிலாள் உட்காரும். நம் கையால் ஆடும், நம் குரலில் பேசும். நாம் வந்து உட்கார்ந்தால் ஒதுங்கிக்கொள்ளும். இதற்கென்று ஒரு பொத்தான்கூடக் கிடையாது. எதிராளிக்கு வித்தியாசம் தெரியாது. ஆட ஆட அதுவே கற்றுக்கொண்டு நம் பெயரில் தேறிக்கொண்டும் வரும். அப்படிச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பெயர் சேவ்.

ஒரு இட்லி சாப்பிடுகிற நேரத்துக்கென்று செய்த வசதி. ஜனங்கள் வருஷக்கணக்கில் எழுந்து போக ஆரம்பித்தார்கள். ஜமாலியாவில் ஒருத்தர் பல் பிடுங்கப் போயிருந்த சமயத்தில் அவருடைய பதிலாள் மாவட்டச் சாம்பியன் ஆகிவிட்டது. வாயில் பஞ்சு இருந்ததால் கோப்பையைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. ஓட்டேரியில் ஒருவர் காலமாகி வாசலில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே அவர் பதிலாள் ரெட் காயைப் போட்டு, அடுத்த அடியில் ஃபாலோ காயும் போட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் சிலர் கை தட்டிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தோடு அவர்களுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

எத்திராஜ் ஒரு ஸ்பூனால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: “இது கெட்டுப் பூட்டா அவனுக்குத் தெரிஞ்சுடும் கஜா.”

அவன் என்றால் யுவராஜ். எத்திராஜின் ஒரே பிள்ளை, கனடாவில் இருக்கிறான். எத்திராஜின் மனைவி கோமளா இறந்தபோது அவன் வரவில்லை. அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். பெற்றவளுக்கு ஜுரம் என்று சொல்லியும் வராத பிள்ளை என்று தெருவே பேசியது. அடுத்த சில மாதங்களில் அவன் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பினான். இங்கே சாயங்காலம், அங்கே காலை. தினமும் ஒரு ஆட்டம்.

சில வாரம் எத்திராஜ் ஒழுங்காக ஆடினான். ஒரு நாள் பெட்டியைப் போட்டதும் மகன் குரல், “அப்பா, சாப்டீங்களா?” என்று கேட்டது. எத்திராஜ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் ஒரு நாளும் பெட்டியைப் போடாமலும் இருந்ததில்லை. நாற்காலியைச் சரியாக இழுத்துப் போடுவான். விளக்குப் போடுவான். பவுடர் டப்பாவைத் திறந்து பலகை மேல் தூவுவான். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவான்.

“அது வெளிச்சம்டா. வெளிச்சத்து மேல எதுக்குப் பவுடர்?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“பையன் ஆடற போர்டு. பவுடர் போடாம எப்டி வுட்டுட்டு வர்றது?”

அந்தப் பவுடரைத்தான் விசிறி தினமும் உள்ளே இழுத்து இழுத்து வைத்துக்கொண்டது. சந்தனம் வெறுமனே வாசலை அடைத்தது, அவ்வளவுதான்.

டீக்கடையில் அவன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, “இப்ப ரெண்டாவது போர்டு ஆடிகினு இருப்பான்” என்பான். “அங்க புள்ள என்கூட ஆடறேன்னு நம்பி உக்காந்துகினு கீறான். நான் இங்க உன் மூஞ்சியப் பாத்துகினு கீறேன்” என்பான். பாதி டம்ளருக்கு மேல் அவனுக்கு இறங்காது. மீதியை நான் குடித்துவிடுவேன்.

உண்மையில் எனக்கும் இறங்கியிருக்கக் கூடாது. ஏனென்றால் யுவராஜும் எனக்குப் போன் செய்வான்.

“மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் ஆடறதே இல்ல” என்று ஒரு நாள் சொன்னான். “காலைல உக்காருவேன். அப்பா குரல் கேட்டதும் எழுந்து ஆபீஸ் கிளம்பிடுவேன். அம்மாவுக்கு ஜுரம்னு அப்பா சொன்னாரு மாமா. ஜுரம்தானேன்னு அந்த வாரம் நான் போன்கூடப் பண்ணல. எந்த மூஞ்சிய வச்சிட்டு அவரோட ரெட் போடறது? அவரு தினம் எனக்காக வந்து உக்காந்துடறாரு. அத நெனச்சா இன்னும் கேவலமா இருக்கு. சொல்லிடாதீங்க மாமா.”

ஆக, வியாசர்பாடியில் பூட்டின வீட்டுக்குள் ஒரு பெட்டி, கனடாவில் பூட்டின வீட்டுக்குள் ஒரு பெட்டி. இரண்டும் ஒன்றையொன்று சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டு வருஷக்கணக்கில் கேரம் ஆடின.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். குற்ற உணர்ச்சியில் இரண்டு பேரும் நல்லவர்களாகிக்கொண்டு வந்தார்கள். இவன் அவனுக்கு வடகம், நார்த்தங்காய் என்று பார்சல் பார்சலாக அனுப்புவான். அவன் வாரம் தவறாமல் என்னைக் கூப்பிட்டு அப்பாவின் பிரஷரை விசாரிப்பான். உண்மையைச் சொன்னால் பார்சலும் நிற்கும், போனும் நிற்கும். தவிர, வடகத்தில் எனக்கு ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. அதை மறைப்பதில் லாபமில்லை.

பெட்டியை ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, மூலக்கடையில் நர்கீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். நர்கீஸ் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற பெண். எதையும் திறந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தாள்.

“அங்கிள், இதுல தோசை ஊத்தலாம்.”

“பவுடரும்மா” என்றான் எத்திராஜ்.

“தெரியுது. ஏன்?”

அவன் என்னைப் பார்த்தான்.

உள்ளே பாதி வெந்துவிட்டது என்றாள். துடைக்கலாம், ஆனால் ஓடாது. ஓடினாலும் ஒரே ஒரு ஆட்டம் ஓடும். அதற்குள் சேவ்வை எடுத்துப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். “மொதல்ல சேவ் உசுரோட இருக்கான்னு பாக்கறேன். படிக்க முடியற துண்டு ஏதாவது வரும்” என்று ஒரு கம்பியைச் சொருகினாள்.

ஸ்ட்ரைக்கர் ஓடுகிற சத்தம் வந்தது. காய்கள் இடித்துக்கொண்டன. பிறகு எத்திராஜின் குரல், பெட்டிக்குள்ளிருந்து:

“டே யுவா. உங்கம்மாவுக்கு ஜுரம்னு சொன்னேன்ல. ஜுரம் இல்லடா. மொத நாளே டாக்டர் கைய விரிச்சிட்டாரு. உனக்கு வேல புதுசு, லீவு போட்டா பூடும்னு நான்தான் மறைச்சேன். அவ கேட்டா, யுவாகிட்ட சொல்லிட்டீங்களான்னு. சொல்லிட்டேன், வந்துகினு கீறான்னேன். கதவையே பாத்துகினு இருந்தா. கடைசில ஊர்கிட்ட எல்லாம் நீதான் வரலன்னு சொல்லிட்டேன்.”

ஒரு காய் குழியில் விழுந்தது. யுவராஜின் குரல், “பரவாயில்லப்பா. ஆடுங்க” என்றது.

“சாப்டியா?”

“சாப்டேன்பா.”

அதோடு துண்டு முடிந்தது. கடையில் கூட்டம் இருந்தது. எத்திராஜ் நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த ஆள் மாதிரி நின்றான்.

“நான் சொல்லல” என்றான். “இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கஜாகிட்டகூட.”

நிஜம்தான். எனக்கும் அன்றுதான் தெரியும். யுவராஜைத் திட்டிய தெருவில் நானும் ஒருத்தன்.

நர்கீஸ் கேட்டாள்: “வீட்ல தனியாப் பேசுவீங்களா அங்கிள்?”

“காலைல வெளக்கு ஏத்தறப்ப கோமளா போட்டோகிட்ட பேசுவேன்.”

“பெட்டி எங்க இருக்கும்?”

“அதுக்குக் கீழ.”

“அதான். நீங்க ஆடறப்ப மட்டும் கேக்கும்னு நெனச்சீங்களா? உங்க வாயில அடிக்கடி எது வருதோ அதத்தான் அதுவும் பேசும்.”

எத்திராஜ் கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அழுதான். “அவனுக்குத் தெரிஞ்சுருக்கு கஜா. தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்காம தெனம் காலைல வந்து ஆடிகினு இருந்துருக்கான். நான் இங்க டீ குடிச்சிகினு இருந்துருக்கேன்.”

அதைச் சொன்னது உன் பையன் இல்லை, அதுவும் ஒரு பெட்டிதான் என்கிற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். பல வருஷமாகத் தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்கினவன் மாதிரி இருந்தான். அவனைக் கூப்பிட்டு மறுபடி தூக்கி வைக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“வேற எது போனாலும் போவட்டும்மா” என்று அவன் நர்கீஸிடம் சொன்னான். “அவன் பரவாயில்லன்னு சொன்னான் பாரு, அது எனக்கு வேணும். அத மட்டும் காப்பாத்திக் குடு.”

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. முன்பு யாரோ ஒருத்தன் தன் மச்சானின் பதிலாளைத் திருடித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, மச்சான் குரலிலேயே அக்காவிடம் நிலத்தை எழுதி வாங்கிவிட்டானாம். அதிலிருந்து, சேவ்வை மாற்றுவதென்றால் அதன் சொந்தக்காரர் நேரில் உட்கார்ந்து ஒரு போர்டு ஆடிக் காட்ட வேண்டும். இது இரண்டு பேர் ஆடி ஆடி வளர்ந்த சேவ் என்பதால் இரண்டு பேரும் உட்கார வேண்டும். பெட்டி அவர்கள் ஆடுவதையும் பேசுவதையும் தன்னிடம் இருப்பதோடு ஒத்துப் பார்க்கும். இரண்டு பேருக்கும் பச்சை விளக்கு எரிந்தால் மாறும். இல்லையென்றால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும்.

“நடுவுல யாரும் எழுந்துடாதீங்க” என்றாள் நர்கீஸ். “எழுந்தா பதிலாள் உக்காந்துடும். அது செல்லாது. ஆனா பெட்டிக்கு அது தெரியாது, நாமதான் பாத்துக்கணும்.”

யுவராஜிடம் சொல்கிற வேலை எனக்கு.

“நெஜமா உக்காரணுமா?” என்றான். அவன் குரலே கீழே போய்விட்டது. “மாமா, எனக்குக் கை செத்துப் போச்சு. அப்பா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு.”

“உங்கப்பனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆடு.”

“அவரு தெனம் ஆடறவரு மாமா.”

அந்தப் பதிவில் இருந்ததை அவனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எத்திராஜ் சொல்ல வேண்டியது, நான் சொல்வது முறையில்லை என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். எத்திராஜ் வாயைத் திறந்து சொல்லப்போவதும் இல்லை. வாயைத் திறக்கிறவனாக இருந்தால் பெட்டி எதற்கு? ஆட்டம் முடியும், பச்சை விளக்கு எரியும், எல்லோரும் பழையபடி அவரவர் வீட்டிலிருந்து எழுந்து போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

எத்திராஜ் பரணிலிருந்த பழைய மரப்பலகையை இறக்கிப் பயிற்சி எடுத்தான். எதிரில் நான். முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, பக்கத்து வீட்டு சாம்பாரில் விழுந்தது. அவர்கள் அதை மறுநாள்தான் கவனித்தார்கள். உப்பு சரியாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரைக்கர் வீட்டுக்குள்ளேயே நிற்கிற அளவுக்குத் தேறினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எத்திராஜ் வீட்டுக் கூடத்தில் கூடினோம். பழைய பெட்டி, அதோடு கம்பியில் கட்டின புதுப் பெட்டி. பழையது சூடாகாமல் இருக்க நர்கீஸ் ஒரு மேஜை விசிறியைத் திருப்பி வைத்து, ஈரத்துணியோடு உட்கார்ந்துகொண்டாள். பெட்டி முகப்பில் இரண்டு விளக்கு. ஒன்று எத்திராஜுக்கு, ஒன்று யுவராஜுக்கு. இரண்டும் சிவப்பு. எத்திராஜ் பவுடர் டப்பாவைத் தேடினான். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“யுவா.”

“அப்பா.”

“ஆடு.”

உலகத்தில் இரண்டு பேர் தங்களைப் போலவே நடிக்கப் பார்த்து இவ்வளவு மோசமாக நடித்ததை நான் கண்டதில்லை. எத்திராஜ் ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் போட்டு மைனஸ் வாங்கினான். யுவராஜ் எதிராளியின் காயை மிகவும் பத்திரமாகக் குழிக்குள் அனுப்பிவைத்தான்.

“இன்னாடா, என் காயினப் போடற?”

“கை விறைக்குதுப்பா. இங்க குளிரு.”

“எனக்கும் இன்னிக்கு மூட்டு வலி.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. காய்களும் ஓடவில்லை. எதிரில் இருக்கிறவன் வருஷக்கணக்காக விடாமல் ஆடினவன், தான்தான் ஏமாற்றுக்காரன் என்று இரண்டு பேருக்கும் பயம். இருவருக்கும் வியர்த்தது எனக்குக் கேட்டது. விளக்குகள் சிவப்பாகவே இருந்தன. பழைய பெட்டி ஒருமுறை இருமியது.

நர்கீஸ் குனிந்து எத்திராஜ் காதில் சொன்னாள்: “பேசுங்க அங்கிள். கையை மட்டும் பாத்தா உங்களுக்குத் தேறாது. உங்க சேவ்ல நீங்க எவ்ளோ பேசறீங்க. எப்பவும் பேசறா மாதிரிப் பேசுங்க.”

எத்திராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எப்போதும் என்ன பேசுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. அவன் கேட்டது அந்த ஒரு துண்டு மட்டும்தான். அவன் பேச்சு எங்கே போகப்போகிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. நான் பலமாக இருமினேன். பெட்டிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

“யுவா” என்றான். “அம்மாவுக்கு வந்தது ஜுரம் இல்ல, நான்தான் உங்கிட்ட மறைச்சேன்னு சொன்னேன்ல. நீ வந்துகினு கீறன்னு அவகிட்டயும் பொய் சொன்னேன், அவ கடைசி வரிக்கும் கதவையே பாத்துகினு இருந்தான்னு சொன்னேன்ல. அப்பகூட நீ கோவப்படலியே. நான் பண்ண தப்ப ஊரு முன்னால உம்மேல போட்டேன், அதுக்கும் ஒண்ணும் கேக்காம தெனம் வந்து உக்காந்தியே. ஒருவாட்டி நல்லபடியா சொல்லணும்னு பாத்தேன்டா. தப்பு என்னுது.”

அவனுடைய விளக்கு பச்சையானது. “வந்துடுச்சு அங்கிள்” என்றாள் நர்கீஸ் மெதுவாக.

யுவராஜின் ஸ்ட்ரைக்கர் அடிக்கோட்டில் அப்படியே நின்றது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது. நாற்காலி தரையில் இழுபட்ட மாதிரி ஒரு ஓசை.

பிறகு, “பரவாயில்லப்பா” என்றது குரல். “என் சான்ஸ்தானே?”

ஸ்ட்ரைக்கர் இடது பக்கம் நகர்ந்தது. யோசிக்கவில்லை. பலகையின் எதிர் விளிம்பில் பட்டுத் திரும்பி வந்து, நெரிசலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த ரெட் காயை மட்டும் பூப்பறிக்கிற மாதிரி எடுத்து மூலையில் போட்டது. அடுத்த அடியில் ஃபாலோ. யுவராஜின் விளக்கு நேராகச் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போனது.

புதுப் பெட்டி முனகிக்கொண்டு விழித்தது. பலகை ஒரு கணம் அணைந்து, அதே காய்களோடு இன்னும் பளிச்சென்று விரிந்தது. பழைய பெட்டி மிச்சமிருந்த பவுடரையெல்லாம் சுவரில் கக்கிவிட்டு அடங்கிப்போயிற்று. நர்கீஸ் அதன்மேல் ஈரத்துணியைப் போட்டாள்.

“எல்லாம் வந்துடுச்சு அங்கிள். ஒண்ணுகூட அழியல.”

எத்திராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். “பாத்தியா கஜா? மனசுல இருந்தது எறங்கினதும் அவனுக்குக் கை வந்துடுச்சு.”

நர்கீஸும் என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் கூரையைப் பார்த்தேன். அப்போது என் சட்டைப் பையில் போன் நடுங்கியது.

எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன்.

“மாமா.” காற்று பலமாக வீசுகிற இடத்தில் நின்றிருந்தான் யுவராஜ். “நான் வெளில வந்துட்டேன்.”

“ஸ்வெட்டர் போட்டியா?” என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு ஜுரம் இல்லையா?”

“இல்லடா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“இப்ப கொஞ்ச நாளாத் தெரியும்.”

“எங்கிட்ட சொல்லல.”

“சொல்லல.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “கதவப் பாத்துட்டு இருந்தாங்களா?”

கூடத்திலிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் படிவரைக்கும் வந்தது. எத்திராஜ் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் வெகுநாள் கேட்டதில்லை.

“யாரு மாமா சிரிக்கறது?”

“உங்கப்பன்.”

“கூட?”

“நீதான்.”



“நான் அவருகிட்ட என்ன சொன்னேன்?”

“பரவாயில்லன்னு சொன்ன.”

“சொல்லிட்டேனா” என்றான். பிறகு, “எனக்கு அப்டி வரல மாமா. இத்தன வருஷம் நான் என்னயே செருப்பால அடிச்சிட்டு இருந்தேன். எப்ப வரும்னு தெரியல. வராமலே போலாம்.”

“சரி.”

“அவருகிட்ட சொல்லிடாதீங்க.”

“சரிடா.”

இதோடு எத்தனையாவது சரி என்று எனக்கே மறந்துவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

“யாரு போன்ல?” என்றான் எத்திராஜ், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தெரிஞ்ச பையன் ஒருத்தன். அவங்கப்பனோட கொஞ்சம் மனஸ்தாபம்.”

“வாயத் தொறந்து பேசினா சரியாப் பூடும்னு சொல்லு. என் புள்ளயப் பாத்துக் கத்துக்கச் சொல்லு.” விரலுறையைச் சரி செய்துகொண்டான். “இனிமே சாயங்காலத்துல என்னிய டீக்குக் கூப்டாத கஜா. நான் இங்கதான் இருப்பேன். உக்காரு, இவன் ஆடறத நீயும் பாரு.”

“வணக்கம் மாமா” என்றது பெட்டி.

வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பையன் நன்றாகத்தான் ஆடினான்.